மூக்கு சாரின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

என் கடைக்கு முதன்முதலில் பூட்டுப் போட்டவர் மூக்கு சார்தான். சுகாதார ஆய்வாளர். அவருடைய மூக்கு ஒன்றும் அப்படிப் பெரியதில்லை, எல்லோருக்கும் இருப்பது போன்ற மூக்குதான். ஆனால் சமையலறை வாசலில் நின்று ஒரு இழுப்பு இழுத்தாரென்றால் எந்த மூலையில் எது அழுகுகிறது என்று சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் "மூக்கு வருது" என்று கடைக்குக் கடை சேதி ஓடும். அவர் காதிலும் விழும். கண்டுகொள்ள மாட்டார்.

அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்றுவரை தீராத வழக்கு. மாவு மில்லில் மூட்டை சுமந்தேன். இன்றைக்கு மூன்று மாடிக் கட்டடமும், கீழே இந்த வட்டாரத்திலேயே பெரிய சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கிறேன். எல்லாம் இந்த இரண்டு தோள் கொடுத்தது. ஒருவர் சிபாரிசு கிடையாது, மாமனார் வீட்டுச் சீர் கிடையாது. பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் என் கல்லாவுக்கு முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். அப்பேர்ப்பட்ட என்னை நடுத்தெருவில் வாயடைக்க வைத்த ஆள் ஒருவர்தான் என்றால், அவரைப் பற்றி நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

கடை திறந்த புதிது. மத்தியானக் கூட்டம் முட்டி மோதுகிறது. மனிதர் டார்ச் லைட்டோடு வந்து, அடுப்பு, எண்ணெய் டின், பாத்திரம் தேய்க்கும் இடம் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து குனிந்து நின்றார். சாக்கடைக் குழாய் எங்கோ விரிசல் விட்டுத் தொட்டிக்குள் கசிகிறது என்றார். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை, என் சமையல்காரருக்கும் தெரியவில்லை. அங்கேயே எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார். நான் தெருவில் நின்று கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு என் பேச்சைக் கேட்டார். மூக்கு சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "முடிச்சிட்டீங்களா முதலாளி? சுவத்த ஒட்டி ஒரு முழம் தோண்டிப் பாருங்க. குழாய மாத்தினதும் சொல்லி அனுப்புங்க, நானே வந்து திறந்து விடறேன்" என்றார்.

தோண்டினோம். அவர் சொன்னது போலவேதான் இருந்தது. குழாயை மாற்றிச் சொல்லி அனுப்பியபோது அலுவலகம் மூடும் நேரம். மறுநாள் வந்திருக்கலாம். அன்றைக்கே சைக்கிளில் வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் போனார். ஒரு டீ சாப்பிடுங்கள் என்று கையைப் பிடித்தேன். "உங்க டீயக் குடிச்சிட்டு நாளைக்கு உங்க டம்ளர் அழுக்கா இருக்குன்னு எந்த வாயால சொல்றது?" என்று சிரித்தபடி கையை விடுவித்துக்கொண்டார்.

அவருடைய வாழ்க்கை முழுக்க அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிடும். அவர் பொறுப்பில் இருந்த வட்டாரம் பெரியது. அத்தனை தெருவிலும் அவர் எங்கேயும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஒருமுறை ஏதோ அனுமதிக்காகச் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். இவர் பின்னாலிருந்த சாமான் அறையில், பிளீச்சிங் பவுடர் மூட்டை மேல் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நெடியில் எனக்குக் கண் எரிந்தது. அவர் அசைபோட்டு நிதானமாகச் சாப்பிட்டார். இங்கே ஏன் சார் என்றால், இங்கே ஈ வராது என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை.

மற்றவர்களும் அவரைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் உள்ளே நுழைகிறார் என்றதும் சமையலறைக் கதவு சாத்தப்படும். நல்லது கெட்டதுக்குப் போய் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் கரண்டியை இன்னொரு முறை கழுவிக்கொண்டு வருவார். மனைவி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள். அவளுக்குத் தலை பின்னி, சமைத்துப் போட்டு, படிக்க வைத்ததெல்லாம் அவர்தான். மறுபடி ஒரு கல்யாணம் பேச உறவுக்காரர்கள் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார்களாம். எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, இவர் எழுந்துபோய் அவர்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மருந்து போடச் சொன்னாராம். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. இதை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது ரசித்துத்தான் சொன்னார். மகளும் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு வீட்டில் பேச்சுக் கொடுக்க ஆளில்லை.

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னையிலேருந்து நான் யாரும் இல்ல. ஒரு டீ கொடுங்க" என்றார். சமையல்காரர், பரிமாறுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிற அம்மா எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். மனிதர் முழு டீயையும் குடித்து முடித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சர்க்கரை ஜாஸ்தி முதலாளி" என்றார்.

அந்த மாதமே என் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடிவந்தார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதருக்குள் இத்தனை நாளாக என்ன பசி இருந்தது என்று எனக்குப் பிடிபட்டது. சாப்பிடுகிற பசி இல்லை, சாப்பிட வைக்கிற பசி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சமைத்து ஆள் கூட்டினார். பக்கத்து அறை டீச்சரம்மா, தனியாக இருப்பவர். மேல் மாடித் தையல்காரரும் அவர் மனைவியும். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி. இவர்கள்தான் வழக்கமான கூட்டம். ஒரு நீள மேசை வாங்கிப் போட்டார். தட்டு, கிண்ணம், டம்ளர் எல்லாம் ஒரே மாதிரி. சாப்பாடு முடிந்ததும் பழங்களை வெட்டி, சர்க்கரை தூவி, கையாலேயே பிசறி ஆளுக்கு ஒரு கிண்ணம் தருவார். அதற்காகவே வருகிறோம் என்பார் தையல்காரர். இவர் உட்கார மாட்டார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பார். சிரிப்புச் சத்தம் மாடிப்படி வழியாகக் கீழே வரும். என்னையும்தான் வாராவாரம் கூப்பிட்டார். ஞாயிறு எனக்குக் கடையில் திருவிழாக் கூட்டம், கல்லாவை விட்டு நகர முடியாது. என் மனைவிக்கு அன்றுதான் பேரப்பிள்ளைகள் வரும் நாள். அடுத்த வாரம் சார், அடுத்த வாரம் சார் என்றே ஓடிப்போனது.

பிறகு காய்ச்சல் வந்தது.

முதலில் ஜெராக்ஸ் தம்பி படுத்தான். அடுத்து தையல்காரர், அவர் மனைவி. விட்டு விட்டு வராமல் நின்று எரிக்கிற காய்ச்சல். ரத்தம் பார்த்து டைஃபாய்டு என்றார்கள். மூன்று பேரும் என் கடையில் தினம் சாப்பிடுகிறவர்கள். புதிதாக வந்திருந்த ஆய்வாளர் அம்மா, சின்ன வயது, நேராக என் கடைக்கு வந்தார். தண்ணீர் எடுத்தார், சமைக்கிற தொடுகிற அத்தனை பேருக்கும் மலப் பரிசோதனைக்குப் பாட்டில் கொடுத்தார். முடிவு வரும்வரை கடை மூடியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். என் சமையல்காரர் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. இத்தனை வருஷமாகக் கட்டிய பெயர். தெருவில் போகிறவர்கள் மூடிய கதவைக் காட்டி ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

மூக்கு சாரைப் பிடித்துக்கொண்டேன். என் அடுப்படி உங்களுக்குத் தெரியாததா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். வாய் வார்த்தை செல்லாது, காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தால்தான் கடை மேல் விழுந்த பழி போகும் என்றார். பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு களை. படுத்தவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, காய்ச்சலுக்கு முந்தின வாரங்களில் எங்கே தண்ணீர் குடித்தீர்கள், என்ன பழம் வாங்கினீர்கள், யார் வீட்டுக்குப் போனீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். கடையில் சாப்பிட்டும் காய்ச்சல் வராதவர்களையும் விடவில்லை. "வந்தவன் சொல்றதுல பாதிதான் இருக்கும். வராதவனைக் கேட்டாத்தான் மீதி கிடைக்கும்" என்பார். என் ஆட்கள் எல்லோருடைய பரிசோதனையும் சுத்தம் என்று வந்தது. தண்ணீரும் சுத்தம். ஆனாலும் கதவு திறக்கவில்லை. அந்த அம்மா இன்னொரு சுற்று பார்க்க வேண்டும் என்றார். அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை அது.

அப்போதுதான் டீச்சரம்மாவும் படுத்தார். பார்க்க நானும் மூக்கு சாரோடு போனேன். போர்வைக்குள் சுருண்டிருந்தார். மூக்கு சார் கட்டிலை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். முதலாளி கடையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். டீச்சரம்மா தலையை ஆட்டினார். அந்தக் கடைப் படியை மிதித்ததே இல்லை என்றார். எனக்கே அது புதுச் செய்தி. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"வேற எங்க சாப்பிட்டீங்க டீச்சர்? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க என்ன இருக்கு சார். என் கையால பொங்கித் தின்னே எனக்கு வெறுத்துப் போச்சு. வெளியில ஒரு வாய் சாப்பிடறதுன்னா உங்க வீட்டுலதான். ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு கெடப்பேன்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். மூக்கு சார் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று நான் பதறினேன்.

"எல்லார்கிட்டயும் பாட்டில் வாங்கினோம் முதலாளி. ஒருத்தனை விட்டுட்டோம்" என்றார்.

யாரை என்று கேட்டேன். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

உங்களுக்குக் காய்ச்சலே இல்லையே சார் என்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ள நிவாரண முகாம் ஒன்றில் வேலை பார்த்தபோது தனக்கு இதே காய்ச்சல் வந்து பிழைத்ததைச் சொன்னார். சிலருக்குக் காய்ச்சல் போய்விடும், கிருமி மட்டும் பித்தப்பைக்குள் தங்கிவிடும், காலி பண்ணாத வாடகைக்காரன் மாதிரி. வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும், ஆளுக்கு ஒரு குறையும் இருக்காது. என்றைக்காவது வெளியே வந்தால், அந்த ஆள் கை பட்ட சாப்பாடு மற்றவர்களைப் படுக்க வைக்கும். வெந்ததில் கிருமி செத்துவிடும். பழம் வேகிறதில்லை. கை கழுவுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனால் நகக்கண்ணில் ஒரு துளி போதுமாம். எத்தனையோ ஊரில், எத்தனையோ சமையல்காரர்களிடம் பாட்டிலை நீட்டியவர், தனக்கென்று ஒரு பாட்டிலை எடுத்ததே இல்லை. அந்த வேலையில் இருக்கிற எவருக்கும் அது தோன்றாது என்றார். எண்ணுகிறவன் தன்னை எண்ண மாட்டான் இல்லையா.

நான் ஒரு யோசனை சொன்னேன். சமைப்பதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுங்கள், மருந்து சாப்பிடுங்கள், கடை என்றைக்கோ ஒருநாள் திறந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். கடை மூடிக் கிடக்கும்போது அப்படிச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். எனக்கு இருந்தது. அந்த மேசையை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"உங்க கடை மேல விழுந்த பேரை அப்புறம் யாரு துடைப்பா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். நேராகப் புது ஆய்வாளர் அம்மாவிடம் போய், தன் பெயருக்கு ஒரு பாட்டில் கேட்டு வாங்கினார்.

அவர் நினைத்தது போலவே முடிவு வந்தது. என் கடை திறந்தது. அந்த அம்மாவே வந்து நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மூக்கு சார் கட்டடத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். உங்கள் காய்ச்சல் என்னிடமிருந்து வந்தது என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னார். கூடவே, பக்கத்தில் உட்கார்ந்தாலோ பேசினாலோ ஒட்டாது, என் கையால் செய்ததைச் சாப்பிட்டால்தான் வரும் என்றும் விளக்கினார். முதல் பாதி எல்லோர் காதிலும் விழுந்தது. இரண்டாவது பாதி யார் காதிலும் ஏறவில்லை.

தையல்காரர் பரவாயில்லை சார் என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் மூக்கு சார் படியில் வரும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, அவர் போன பிறகு இறங்குவார். டீச்சரம்மா குணமானதும், மூக்கு சார் எப்போதோ பழம் போட்டுக் கொடுத்த டப்பாவைச் சோடாத்தூளில் தேய்த்து, வெயிலில் காயவைத்து, அவர் கதவோரம் வைத்துவிட்டுப் போனார். என் மனைவிகூட, "பாவம்தான். ஆனா பிள்ளைங்க ஓடி விளையாடற இடமா இருக்கே" என்று இழுத்தாள். நான் ஒரு முறை முறைத்தேன். அதற்கு மேல் அவளோடு பேச முடியாது.

மாத்திரை கொடுத்தார்கள். நாள் கணக்கில் விழுங்கினார். மறுபடி பார்த்தால் கிருமி போகவில்லை. மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லிப் போனில் அழுதாளாம். அங்கே கைக்குழந்தை இருக்கிறது. "என் கையால பேரனுக்கு ஒரு வாய் ஊட்ட முடியாது. அங்க போய் என்ன பண்ணப் போறேன், தூரத்துல உக்காந்து வேடிக்கை பார்க்கவா?" என்றார். என் கடையிலேயே மூன்று வேளையும் சாப்பிடச் சொன்னேன். வந்தார். ஓரத்து மேசை. அவருக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் விஷயம் தெரிந்ததும் தண்ணீர் டம்ளரோடு வேறு மேசைக்கு நகர்ந்தார்கள். கல்லாவிலிருந்து எனக்கு எல்லாம் தெரியும்.

பித்தப்பையையே எடுத்துவிட்டால் கிருமி போகலாம் என்றார் டாக்டர். வயதைப் பார்த்து, வற்புறுத்த மாட்டேன் என்றும் சொன்னார். நானும் வேண்டாம் என்றேன். இந்த வயதில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறீர்கள் என்று சண்டை போட்டேன். "நாலு பேருக்குச் சமைச்சுப் போடணும் முதலாளி. வேற ஒண்ணும் இல்ல" என்றார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஆள் கேட்டார்கள். நான் போட்டேன். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று நர்ஸ் கேட்டாள். "எனக்குப் பூட்டுப் போட்டவர்" என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

பிழைத்து வந்தார். தோல் தொங்க, பாதி ஆளாக வந்தார். பரிசோதனை ஒன்று சுத்தம். இடைவெளி விட்டு இன்னொன்று, அதுவும் சுத்தம். அதற்குப் பிறகும் ஒன்று. புது ஆய்வாளர் அம்மாவே மாடியேறி வந்து, இனி நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் சமைக்கலாம் சார் என்று சொன்னார். மனிதர் அன்றே கடைவீதிக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வந்தார். வீடு வீடாகப் போய் ஞாயிறு மத்தியானம் வாருங்கள் என்று கூப்பிட்டார். எல்லோரும் வருகிறோம் என்றார்கள். நானும் சொன்னேன். இந்தத் தடவை கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு வருவதாகச் சத்தியம் செய்யாத குறை.

அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய கூட்டம் பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டது. மகன் ஒருவனால் சமாளிக்க முடியவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

கதவு திறந்தே கிடந்தது. மேசை மேல் தட்டுகள் வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கிண்ணம், டம்ளர். ஒன்றிலும் கை பட்ட அடையாளம் இல்லை. டீச்சரம்மாவுக்குத் தலைவலியாம். தையல்காரர் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். ஜெராக்ஸ் தம்பி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அடுப்படியில் பாத்திரங்கள் காலியாக இருந்தன. கீழே குப்பைத் தொட்டியில் சோறு, காய், வெட்டின பழம் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. மேலே பினாயில் ஊற்றியிருந்தார். ஆகாத சாப்பாட்டை யாரும் பொறுக்கித் தின்றுவிடக் கூடாதென்று கடைகளில் ஊற்றுவார்களே, அந்த மாதிரி.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நான் வரேன்னு சொன்னேன்ல சார். எனக்குன்னு ஒரு கரண்டி எடுத்து வைக்கக் கூடாதா?"

"நேரம் தாண்டிடுச்சு முதலாளி. சமைச்சு இவ்வளவு நேரம் வெளியில இருந்ததை நான் யாருக்கும் போட்டதில்ல. உங்களுக்கு மட்டும் போடுவேனா?"

  அவர் மேசையிலிருந்த தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கழுவும் தொட்டிக்கு எடுத்துப்போனார். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று தேய்க்க ஆரம்பித்தார்.

"யாரும் சாப்பிடவே இல்லையே சார். அப்படியே எடுத்து வைக்கலாமில்ல."

"வெளியில எடுத்து வச்சாச்சு. ஈ உக்காந்திருக்கும்" என்றார்.

கீழே கடையில் என்னைத் தேடுகிற குரல் மாடிப்படியில் கேட்டது. நான் கொடியிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடுத்தார். நான் வாங்கித் துடைத்து அடுக்கினேன்.